லாபம், ரெண்டு, மூணு

வெள்ளிக்கிழமை என்பதால்
தலை நிறைய நல்லெண்ணெயோடு வந்துவிட்டார் அழகம்மை.
மின்முனை ஒன்றும் ஒட்டவில்லை.
செக்காலை ரோட்டு மாடியில் எங்கள் ஆய்வகத்துக்கு
ஒரே ஒரு குழாய்.
பெட்டிக்கடை ஷாம்பு மூன்று பாக்கெட் கிழித்து
நானே அலசிவிட்டேன்.
உப்புத் தண்ணீர், நுரைக்க மறுத்தது.
"பிரசவத்துக்கு அப்புறம்
இன்னொருத்தர் என் தலையைத் தேய்க்கிறது இப்பத்தான்."

பள்ளத்தூரில் கூட்டுறவு வங்கிக் காசாளர்.
வயது நாற்பத்தாறு.
கட்டைக் கையில் எடுத்தால்
முதல் நோட்டு நகராது.
நகர்ந்துவிட்டால் நூறும் ஓடும்,
தகரத்தில் விழும் மழை மாதிரி.
அந்த முதல் நோட்டுக்குத்தான்
வரிசையில் நிற்பவர்கள் இருமுகிறார்கள்.

மூளைக்குள் ஒரு தாளம் இருக்கிறது என்றேன்.
நொடிக்கு இருபது சுற்று.
கை சும்மா கிடக்கும்போது ஓங்கி நிற்கும்.
கை அசைய வேண்டுமானால்
முதலில் அது அடங்க வேண்டும்.
"வாசல்ல ஆள் நிக்கிறான்,
அவன் விலகினாத்தான் வண்டி வெளிய வரும். அதானே?"
அதேதான்.
நான் நாற்பது பக்கத்தில் எழுதியிருந்தேன்.

தோலைக் கீறவில்லை. எலும்பைத் தொளைக்கவில்லை.
எட்டுப் போல் வளைந்த கம்பிச்சுருளை
இடப்பக்க மண்டைமேல் பிடித்தேன்.
டக்.
வலது கட்டைவிரல் துள்ளி விழுந்தது.
"நான் ஆட்டலையே."
நான்தான் ஆட்டினேன் என்றேன்.
டக்.
"அப்ப இது யார் கை?"
ஒப்புதல் படிவத்தில்
அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

பிறகு உப்புநீரில் நனைத்த பஞ்சு,
எறும்பு ஊர்வது போல மெல்லிய மின்சாரம்.
சில நாள் நிஜம், சில நாள் வெறும் பாவனை.
எது எந்த நாள் என்பது அவருக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது.
ஒட்டிய உறை மதுரையில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் பகல் பதினொன்றுக்கு
காரைக்குடி முழுக்கக் கரண்ட் போனது.
மின்விசிறி நின்றது. கீழே பாத்திரக்கடை ரேடியோ நின்றது.
திரையில் எப்போதும் அழுக்காய்ப் படிந்திருக்கும்
ஐம்பதின் ரீங்காரமும் நின்றது.
பேட்டரியில் ஓடிய கருவியில்
முதன்முதலாக
அந்த இருபதைக் கழுவிய மாதிரி பார்த்தேன்.

பொழுது போகாமல்
அவர் மாதிரி நோட்டுக் கட்டை எடுத்தார்.
எங்கள் பக்கம் எண்ணுகிறவர்கள்
ஒன்று என்று தொடங்குவதில்லை.
"லாபம்" என்றார், வாய்விட்டு.
இருபது சரிந்தது.
நோட்டு நகர்ந்தது.
ரெண்டு. மூணு. நாலு.

பேங்கில் இப்படி எண்ணுவதில்லையா என்று கேட்டேன்.
"சத்தமா எண்ணக் கூடாதுன்னு சர்க்குலர்.
வந்து ரெண்டு வருஷம் ஆச்சு."
கை எப்போதிலிருந்து இப்படி?
யோசித்தார். "அதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு
ஞாபகம் இல்லை."

ஒரே ஆள், ஒரே முறை.
அதிலும் பேச்சு: தாடைத் தசையின் இரைச்சல்
அலையோடு கலந்திருக்கும்.
கரண்ட் வந்ததும் விதிப்படி அந்தப் பதிவை நீக்கினேன்.
காரணம் என்ற இடத்தில் 'தாடை' என்று எழுதினேன்.
அழகம்மையிடமும் சொன்னேன்,
அடுத்த முறை உதட்டை அசைக்கக் கூடாது.

அடுத்த வெள்ளி எண்ணெய் வைக்காமல் வந்தார்.
"இன்னைக்கு நிஜமா, பொய்யா?"
மதுரைக்குத்தான் தெரியும்.
பஞ்சை வைத்தேன். பட்டையை இறுக்கினேன்.
கட்டைவிரல் முதல் நோட்டின்மேல்.
இருபது வாசலில் நிற்கிறது, திரையில்,
நகருவேனா என்று.
அவர் உதடு இறுக மூடியிருக்கிறது,
நான் சொன்னபடி.

மேலே மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது.
ஒரு கண்ணால் அதைப் பார்க்கிறேன்.
என் உதடு அசைகிறது.
நல்லவேளை, என் தலையில்
மின்முனை ஏதும் இல்லை.